நாட்டுக்கோழியை அடை வைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக் கொல்லையிலோ தோட்டத்திலோ ஐந்து முதல் இருபது நாட்டுக்கோழி வரை வைத்திருப்பவர்கள் இன்குபேட்டர் இல்லாமல் தாய்க்கோழியைக் கொண்டே குஞ்சு எடுக்கும்போது எழும் கேள்விகள் இவை. தமிழ்நாட்டு வெயிலையும் மழையையும் கணக்கில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. சூடு காப்பதும் முட்டையைத் திருப்புவதும் கோழியின் வேலை. அதில் நாம் தலையிட வேண்டியதில்லை. நல்ல முட்டை, தனி இடம், சரியான நாள் கணக்கு ஆகிய மூன்றும் நம் பொறுப்பு. அடை கெடுவது பெரும்பாலும் இந்த மூன்றில்தான்.

கோழி அடைக்கு வந்துவிட்டது என்று எப்படி உறுதி செய்வது?

ஒரு பருவத்துக்குப் 12 முதல் 15 முட்டை வரை இட்டு முடித்ததும் நாட்டுக்கோழி அடைக்கு வரும். முட்டையிட ஏறிய கோழி வேலை முடிந்ததும் கொக்கரித்துக்கொண்டு இறங்கிவிடும். அடைக்கு வந்த கோழி இறங்காது. கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்து உடம்பை அகட்டிக்கொண்டு உறுமும், கொத்தவும் வரும். வெளியே வந்தால் 'க்ளக் க்ளக்' என்று விட்டுவிட்டுச் சத்தம் கொடுத்தபடி நடக்கும். தூக்கிப் பார்த்தால் மார்பிலும் அடிவயிற்றிலும் இறகு உதிர்ந்து வெறும் தோல் தெரியும். தொட்டால் நல்ல சூடாக இருக்கும்.

இவற்றைவிட நம்பகமான சோதனை இரவில் செய்வது. மற்ற கோழிகள் அடையும் இடத்துக்குப் போகாமல் முட்டைக் கூட்டிலேயே இரண்டு இரவு தொடர்ந்து படுத்திருந்தால் அடை உறுதி. அதுவரை நல்ல முட்டையை வைக்க வேண்டாம். கூமுட்டையோ கடை முட்டையோ இரண்டு போட்டு வையுங்கள்.

எல்லாக் கோழியும் நன்றாக அடை காக்குமா?

காக்காது. சிறுவிடைக் கோழிகள் உடல் சிறுத்தவை, பொறுமையானவை. அடைக்கும் குஞ்சு வளர்ப்புக்கும் முதல் தேர்வு அவைதான். பெருவிடையும் நன்றாகவே படுக்கும், ஆனால் உடல் கனத்தால் முட்டை உடைவது அதிகம். கடக்நாத் (கருங்கோழி) அடையில் நிலைக்காது என்றே வைத்துக்கொள்ளலாம். லெகார்ன் போன்ற முட்டைக் கோழிகளிலும், வனராஜா, கிரிராஜா போன்ற கலப்பினங்களிலும் அடைக்குணம் மிகக் குறைவு. அவற்றின் முட்டையைச் சிறுவிடையின் கீழ் வைத்துப் பொரிக்க வைப்பதே வழக்கம்.

முதல் முறை அடைக்கு வரும் வெடக்கோழிக்கு ஏழெட்டு முட்டைக்கு மேல் கொடுக்காதீர்கள். பாதியில் எழுந்து போனாலும் இழப்பு சிறியதாக இருக்கும்.

முட்டையை எத்தனை நாள் சேர்த்து வைக்கலாம்?

குளிர்காலத்தில் 7 நாள், தாண்டினால் 10 நாள். சித்திரை, வைகாசியில் 4 அல்லது 5 நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். கரு வளரத் தேவையான சூடு சுமார் 37.5 டிகிரி செல்சியஸ்தான். ஆனால் 21 டிகிரியைத் தாண்டினாலே கருவில் மெல்ல அசைவு தொடங்கிவிடும். நம் வீட்டுக்குள் வெயில் காலத்தில் 33, 34 டிகிரி சாதாரணம். அந்தச் சூட்டில் கரு அரைகுறையாக வளர்ந்து நின்றுபோகும். அப்புறம் எவ்வளவு நல்ல கோழியின் கீழ் வைத்தாலும் பொரிக்காது. 'எல்லாம் சேவல் மிதித்த முட்டைதான், இருந்தும் பாதி கெட்டுவிட்டது' என்று சொல்பவர்களின் கணக்கு பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறது.

அகலமான மண்சட்டியில் பாதிக்கு மணல் நிரப்பித் தண்ணீர் தெளியுங்கள். மேலே காய்ந்த சாக்குத் துண்டு விரித்து, அகன்ற முனை மேலே இருக்கும்படி முட்டைகளை அடுக்குங்கள். வீட்டின் குளிர்ந்த மூலையில், தரையில் வைத்தால் போதும். மணல் காயும்போது மீண்டும் தெளிக்கலாம், ஆனால் ஈரம் முட்டையைத் தொடக் கூடாது. அரிசிப் பானையில் புதைத்து வைக்கும் வழக்கமும் சரிதான், பானை சமையலறை அடுப்புக்குப் பக்கத்தில் இல்லாத வரை. குளிர்சாதனப் பெட்டி வேண்டாம், அங்கே குளிர் மிக அதிகம்.

முட்டையைக் கழுவாதீர்கள். ஓட்டின் மேல் உள்ள மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமி நுண்துளை வழியே உள்ளே போகும். லேசான அழுக்கைக் காய்ந்த துணியால் தட்டிவிடலாம், எச்சம் அப்பிய முட்டையைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஓடு மெலிந்தது, நீண்டு ஒடுங்கியது, மிகப் பெரியது, கீறல் விழுந்தது ஆகியவையும் அடைக்கு ஆகாது.

சேவல் எத்தனை வேண்டும்?

எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல். சேவலை விற்றுவிட்டாலும் அடுத்த பத்து நாள் வரை இடும் முட்டைகளில் கரு இருக்க வாய்ப்புண்டு. புதுச் சேவலின் குஞ்சுதான் வேண்டுமென்றால், பழையதை அகற்றி மூன்று வாரம் கழிந்த முட்டையாகப் பார்த்து எடுங்கள்.

ஒரு கோழிக்கு எத்தனை முட்டை? ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டுமா?

சிறுவிடைக்கு 9 முதல் 11, நடுத்தரக் கோழிக்கு 12 அல்லது 13. கோழி உட்கார்ந்தபின் எதிரே குனிந்து பாருங்கள். இறகுக்கு வெளியே ஒரு முட்டை தெரிந்தாலும் எண்ணிக்கை அதிகம். அந்த ஒரு முட்டையோடு இழப்பு நிற்காது. கோழி நாள்தோறும் முட்டைகளை இடம் மாற்றிக்கொண்டே இருப்பதால் இன்று ஒன்று, நாளை வேறொன்று என்று குளிர் பட்டு நாலைந்து கெடும். மார்கழி, தைப் பனியில் இரண்டு முட்டை குறைத்தே வையுங்கள்.

ஒற்றைப்படை என்பது வழக்கம். நடுவில் ஒன்றும் சுற்றிலும் மற்றவையுமாக வட்டமாக அடுக்க வசதி என்பார்கள். 12 வைத்தாலும் பொரிக்கும்.

கூட்டை எப்படி அமைப்பது?

சுமார் 35 முதல் 40 சென்டிமீட்டர் வாயுள்ள மூங்கில் கூடையோ, அகன்ற மண்சட்டியோ, மரப்பெட்டியோ எதுவும் ஆகும். அடியில் நான்கு விரல் உயரத்துக்கு மணலும் சலித்த சாம்பலும் கலந்து பரப்பி, நடுவில் லேசாகக் குழி செய்யுங்கள். குழி ஆழமாக இருந்தால் முட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உடையும், தட்டையாக இருந்தால் உருண்டு விலகும். அதன் மேல் கைகளால் கசக்கிய வைக்கோல். மழையில் நனைந்து பூசணம் பிடித்த வைக்கோலை மட்டும் தொடாதீர்கள். அந்தப் பூசணம்தான் குஞ்சின் நுரையீரலில் இறங்கி, வாயைப் பிளந்து மூச்சு வாங்க வைத்துக் கொல்லும்.

இடம் அரை இருட்டாக, காற்றோட்டமாக, மழைச் சாரல் படாததாக இருக்க வேண்டும். தகரக் கூரைக்கு நேர்கீழே வேண்டாம், சித்திரை வெயிலில் கோழியே எழுந்து ஓடிவிடும். பாம்பு, கீரி, பெருச்சாளி, பூனை நான்குக்கும் முட்டை பிடிக்கும். அரை அங்குலக் கம்பி வலை அடித்த கதவு இல்லாமல் இரவில் விட்டுவிடாதீர்கள்.

கரித்துண்டு, காய்ந்த மிளகாய், இரும்பாணி போடுகிறார்களே?

இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்ற நம்பிக்கையில் போடுவது. இவற்றால் கெடுதல் இல்லை, ஆனால் இடியைத் தடுக்கப் போவதுமில்லை. இடிமழை நாளில் முட்டை கெடுவதற்கு வேறு காரணங்கள் கண்ணெதிரே இருக்கும்: கூடு ஒழுகியிருக்கும், வைக்கோல் நனைந்திருக்கும், மிரண்ட கோழி இரவில் எழுந்து நின்றிருக்கும். ஆணி போடுபவர்கள் போடட்டும், கூரையையும் ஒரு முறை பார்த்துவிடட்டும்.

கோழியை வேறு இடத்துக்கு மாற்றலாமா?

மாற்றலாம், மாற்றுவதே நல்லது. மற்ற கோழிகள் முட்டையிடும் கூட்டிலேயே அடை விட்டால் அவை ஏறி மிதித்து உடைக்கும், புது முட்டைகளையும் சேர்த்து இட்டுவிட்டுப் போகும். இருட்டியபின், இரவு எட்டு மணிக்கு மேல், கோழியின் இறக்கையை உடலோடு சேர்த்து அணைத்துத் தூக்கி, பொய்முட்டை போட்ட புதுக் கூட்டில் விட்டு மூடுங்கள். மறுநாள் முழுதும் உள்ளேயே இருக்கட்டும். அன்று மாலையும் அமைதியாகப் படுத்திருந்தால் இரவில் நல்ல முட்டைகளை அடியில் வையுங்கள். எல்லா முட்டையையும் ஒரே இரவில் வைக்க வேண்டும். இன்று ஆறு, நாளை மூன்று என்று வைத்தால், முதல் குஞ்சுகள் வந்ததும் கோழி மீதியை விட்டு எழுந்துவிடும்.

முட்டையில் பென்சிலால் தேதி எழுதுங்கள். குறியில்லாத முட்டை கண்ணில் பட்டால் வேறு கோழி இட்டது, எடுத்துவிடலாம்.

தீவனம், தண்ணீர் எப்படி?

அடைக்கோழி நாளுக்கு ஒரு முறை, 15 முதல் 30 நிமிடம் இறங்கும். தின்று, குடித்து, எச்சமிட்டு, மண்ணில் புரண்டுவிட்டு ஏறும். எச்சம் பெரிதாக, கெட்ட நாற்றத்துடன் இருப்பது இயல்பு. ஒரு நாள் முழுதும் அடக்கி வைத்தது அது. பச்சையாகவோ வெள்ளையாகவோ தண்ணீராகக் கழிந்தால்தான் நோய்.

கம்பு, சோளம், உடைத்த மக்காச்சோளம் ஆகிய தானியங்கள் போதும். உடலில் தங்கி மெல்லச் செரிக்கும், எச்சமும் கெட்டியாக இருக்கும். தண்ணீரும் தீவனமும் கூட்டிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி இருக்கட்டும். மூக்குக்கு நேரே வைத்தால் கோழி இறங்காமலே தின்று கூட்டிலேயே எச்சமிடும். இறங்காமல் பிடிவாதம் பிடிக்கும் கோழியை நாளுக்கு ஒரு முறை நீங்களே இறக்கிவிட வேண்டும். தூக்கும்முன் இறக்கைக்கு அடியில் முட்டை சிக்கியிருக்கிறதா என்று கைவிட்டுப் பாருங்கள், கீழே விழுந்து உடைவது இப்படித்தான். அடை காக்கும் 21 நாளில் கோழி இளைக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

கோழி இரண்டு மணி நேரம் திரும்பவில்லை. முட்டை போய்விட்டதா?

நம் ஊர் வெப்பத்தில் பெரும்பாலும் போகாது. பகலில் ஓரிரு மணி நேரம் ஆறினாலும் கரு தாங்கும், பொரிப்பது கொஞ்சம் தள்ளிப்போகலாம். இரவு முழுதும் ஆறிய முட்டை ஆபத்தில் உள்ளது. அப்போதும் உடனே எறியாமல், மீண்டும் கோழியின் கீழ் வைத்து நான்கு நாள் கழித்து வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யுங்கள். கோழி அடையை அடியோடு விட்டுவிட்டால், அதே வாரத்தில் படுத்த இன்னொரு கோழியின் கீழ் பிரித்து வைப்பதே சிறந்த வழி. இரண்டு கோழியை ஒரே நாளில் அடை வைக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

டார்ச் அடித்துப் பார்ப்பது எப்போது, எப்படி?

7ஆம் நாள் இரவு ஒரு முறை, 14ஆம் நாள் இன்னொரு முறை. செல்போன் விளக்கின் மேல் நடுவில் ஓட்டை போட்ட அட்டையை வைத்து, முட்டையின் அகன்ற முனையை அந்த ஓட்டையில் பொருத்துங்கள். ஏழாம் நாளில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்திக் கால் போலப் பரவும் சிவப்பு நரம்புகளும் தெரிந்தால் கரு நலம். எதுவுமே இல்லாமல் மஞ்சளாக ஒளிர்ந்தால் கரு கூடாத முட்டை. நரம்பு இல்லாமல் சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு தொடக்கத்திலேயே செத்துவிட்டது. 14ஆம் நாளில் அகன்ற முனையிலுள்ள காற்றறை தவிர மற்றதெல்லாம் இருண்டிருக்க வேண்டும்.

கெட்டதை எடுத்துவிடுங்கள். வெயிலில் அழுகிய முட்டை கூட்டுக்குள் வெடித்தால் அந்தக் கழிவு மற்ற ஓடுகளின் துளையை அடைத்து நல்லதையும் கெடுக்கும். 18ஆம் நாளுக்குப் பின் முட்டையைக் கையிலெடுக்க வேண்டாம்.

செள்ளும் பேனும் வந்தால்?

அடை பாதியில் கலைவதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது. ஒரே இடத்தில் 21 நாள் அசையாமல் படுத்திருக்கும் கோழி செள்ளுக்கு விருந்து. படுக்க வைப்பதற்கு நான்கு நாள் முன்பே, இறக்கையின் உட்பக்கமும் ஆசனவாய்ச் சுற்றும் வசம்புப் பொடி கலந்த சாம்பலைத் தேய்த்துவிடுங்கள். கூட்டின் வைக்கோலுக்கு அடியில் வேப்பிலை, நொச்சி இலை போடலாம். பழைய கூடையை வெந்நீர் ஊற்றி வெயிலில் இரண்டு நாள் காயவைத்தபின் பயன்படுத்துங்கள். பகலில் ஒன்றும் தெரியாது, இரவில் டார்ச் அடித்தால் கூடை இடுக்கில் சிவப்புப் புள்ளிகள் ஊரும். அப்படித் தெரிந்தால் வேறு கூடையில் புது வைக்கோல் போட்டு, முட்டைகளை இடம் மாற்றுங்கள். பூச்சிமருந்தை முட்டை மேலோ கோழி மேலோ அடிக்க வேண்டாம். பாச்சா உருண்டையும் போடக் கூடாது.

எறும்பு தனிப் பிரச்சினை. ஓட்டில் துளை விழுந்ததும் வாசனைக்கு வந்து, குஞ்சு வெளியே வரும் முன்பே கடித்துக் கொன்றுவிடும். பெட்டியை நான்கு செங்கல் மேல் வைத்து ஒவ்வொன்றையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள்.

பொரிக்கும் நாளில் உதவலாமா?

வேண்டாம். 20ஆம் நாள் ஓட்டில் முதல் கீறல் விழும். அதிலிருந்து குஞ்சு வெளிவர 12 முதல் 24 மணி நேரம் கூட ஆகலாம். அந்த நேரத்தில்தான் மிச்ச மஞ்சள்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது, ஓட்டுச் சவ்வின் ரத்தக்குழாய்கள் வற்றுகின்றன. அவசரப்பட்டு ஓட்டை உரித்தால் ரத்தம் கசியும், தொப்புள் மூடாது, இரண்டு நாளில் குஞ்சு சாகும்.

அந்த மஞ்சள்கருவின் பலத்தில் குஞ்சு இரண்டு நாள் தீனியின்றித் தாங்கும். முதலில் வந்ததற்குப் பசிக்குமே என்று கோழியை எழுப்ப வேண்டாம். காலி ஓடுகளை மட்டும் எடுத்துவிடலாம். ஒன்று இன்னொரு முட்டை மேல் தொப்பியாகக் கவிழ்ந்துவிட்டால் உள்ளே இருப்பது மூச்சுத் திணறும். 23ஆம் நாளுக்குப் பின் காத்திருப்பதில் பயனில்லை.

பொரிக்காத முட்டையை உடைத்துப் பார்த்தால் காரணம் தெரியுமா?

பெரும்பாலும் தெரியும். வீட்டுக்கு வெளியே, மூக்கைப் பொத்திக்கொண்டு உடையுங்கள். கரு அடையாளமே இல்லையென்றால் சேவல் பிரச்சினை அல்லது முட்டை பழையது. சின்னக் கருவோடு நின்றிருந்தால் சேமிப்பில் சூடு பட்டிருக்கும். முழுக் குஞ்சாகி, மஞ்சள்கரு வெளியே இருக்கும் நிலையில் செத்திருந்தால் கடைசி வாரத்தில் கோழி அடிக்கடி எழுந்திருக்கும். துளை போட்டபின் செத்து, சவ்வு காகிதமாகக் காய்ந்து ஒட்டியிருந்தால் வறட்சி. அடுத்த முறை கோடையில் 18ஆம் நாளிலிருந்து கூட்டைச் சுற்றியுள்ள மணலில் காலை மாலை தண்ணீர் தெளியுங்கள். பத்துக்கு எட்டு பொரித்தால் நல்ல அடை.

வாத்து, கின்னிக்கோழி, வான்கோழி முட்டையை வைக்கலாமா?

வைக்கலாம். வாத்துக்கும் வான்கோழிக்கும் 28 நாள், கின்னிக்கோழிக்கு 26 முதல் 28 நாள். மணிலா வாத்துக்கு 35 நாள், அவ்வளவு நாள் கோழியைப் படுக்கவைப்பது கொடுமை. கோழி முட்டையோடு கலந்து வைக்காதீர்கள். வாத்து முட்டை ஆறேழு போதும். கடைசிப் பத்து நாள் கோழி இறங்கும் நேரத்தில் வெதுவெதுப்பான தண்ணீரை லேசாகத் தெளிக்க வேண்டும். காடை முட்டை கோழியின் எடையில் நொறுங்கும்.

குஞ்சுகளுக்கு முதல் வாரம் என்ன கொடுப்பது?

முதலில் தண்ணீர். ஆழமில்லாத தட்டில், நடுவே கூழாங்கல் போட்டு வையுங்கள், இல்லையென்றால் குஞ்சு விழுந்து நனைந்து குளிரில் சாகும். பிறகு குஞ்சுத் தீவனம், அல்லது நொறுக்கிய கம்பும் குருணையும். தாயோடு சேர்த்துப் பஞ்சாரத்தில் (மூங்கில் கூடையில்) கவிழ்த்து ஒரு வாரம் வையுங்கள். திறந்து விட்டால் காக்கையும் பருந்தும் வல்லூறும் எண்ணிக்கையைக் குறைத்துவிடும்.

தானியத்தில் போதாத புரதத்துக்குக் கரையான் நல்ல வழி. பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத்துண்டு போட்டு நனைத்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் காலையில் பானைக்குள் திரண்டிருக்கும். வெயில் ஏறும்முன் எடுத்துக் குஞ்சுகள் முன்னால் உதறுங்கள். தாய் கூப்பிடும் சத்தத்திலேயே தெரியும் அதன் அருமை.

தடுப்பூசி அவசியமா?

அவசியம். வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய் ஒரு முறை வந்தால் அடை வைத்த உழைப்பு முழுதும் ஒரே வாரத்தில் போகும். 7ஆம் நாள் கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு லசோட்டா தடுப்பு மருந்து, நான்காம் வாரம் மீண்டும் அதே மருந்து, எட்டாம் வாரம் ஆர்டிவிகே ஊசி. மருந்து பனிக்கட்டியோடு வர வேண்டும், கலக்கிய ஒரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஒரு குப்பி பொதுவாக நூறு கோழிக்கானது என்பதால் தெருவில் நாலைந்து வீடு சேர்ந்து போட்டுக்கொள்வது சிக்கனம். அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

மூன்றாம் வாரத்துக்குப் பின் எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் ரத்தக்கழிச்சல். ஈரமான தரைதான் காரணம். இதற்குத் தடுப்பூசிக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் மருந்து வாங்குங்கள்.

இரண்டு கோழியின் குஞ்சுகளை ஒரே தாயிடம் விடலாமா?

வயது வித்தியாசம் இரண்டு நாளுக்குள் இருந்தால் விடலாம். இரவில், இருட்டில், இறக்கைக்கு அடியில் ஒவ்வொன்றாகச் சொருகுங்கள். பகலில் விட்டால் சில கோழிகள் அந்நியக் குஞ்சைக் கொத்திக் கொல்லும். ஒரு தாய்க்கு 15 முதல் 20 குஞ்சு வரை போதும். விடுபட்ட கோழி சில வாரத்தில் மறுபடி முட்டைக்கு வந்துவிடும்.

இப்போது குஞ்சு வேண்டாம். அடையைத் தெளிய வைப்பது எப்படி?

அடியில் கம்பிவலை போட்ட கூண்டில், தரையிலிருந்து ஓர் அடி உயர்த்தி, வெளிச்சமும் காற்றும் உள்ள நிழலில் தீனி தண்ணீரோடு மூன்று நான்கு நாள் விடுங்கள். படுக்க மெத்தென்ற இடமில்லாமல் அடிவயிறு குளிர்ந்தால் அடைக்குணம் இறங்கும். அடைக்கு வந்த முதல் இரண்டு நாளில் செய்தால் சீக்கிரம் தெளியும், பத்து நாள் கழித்துத் தொடங்கினால் வாரம் ஆகும். மூக்கில் இறகைக் குத்துவது, காலைக் கட்டித் தண்ணீரில் முக்குவது எல்லாம் வீண் வதை. தண்ணீரில் முக்கப்பட்ட கோழிக்குச் சளி பிடிப்பதுதான் மிச்சம்.

தாயை எப்போது பிரிக்கலாம்? அடுத்த அடை எப்போது?

தானாக விட்டால் இரண்டு, மூன்று மாதம் குஞ்சுகளோடு திரியும். அப்படி விட்டால் வருடத்துக்கு மூன்று அடைதான். ஆறாம் வாரத்தில் குஞ்சுக்கு இறகு முழுதும் வந்துவிடும், அப்போது பிரிப்பது இருவருக்கும் நல்லது. மழை, பனி இல்லாத காலத்தில், இரவுச் சூட்டுக்கு 60 வாட் குண்டு பல்பு போட்ட பெட்டி இருந்தால் மூன்றாம் வாரத்திலேயே பிரிக்கலாம். பிரித்த தாய்க்கு இரண்டு வாரம் நல்ல தீவனம் கொடுத்து இளைத்த உடம்பைத் தேற்றுங்கள். ஒரே கோழியை முட்டை மாற்றி மாற்றி, இடைவெளியில்லாமல் 42 நாள் படுக்கவைப்பவர்கள் உண்டு. அந்தக் கோழி எலும்பும் தோலுமாகி அடுத்த பருவ முட்டையே இடாமல் போகும்.